உம்மாவின் காதில் வாப்பாவின் குரல்

“வேணாம் மகள், கழட்டி வைங்க. சத்தம் கேக்குது, பேச்சு வெளங்குதில்ல.”

இப்படிச் சொல்லிவிட்டு உம்மா ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார்கள். குரலில் கோபம் இல்லை. ஏமாற்றத்தைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தவர் போல எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டார்கள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அமைதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விடயம் இதுதான். என் வாப்பா 1985 முதல் 1991 வரை சவூதி அரேபியாவில், ஜித்தாவில் சாரதியாக வேலை பார்த்தார். கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அக்காலத்தில் தொலைபேசி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். கடிதம் வந்து சேர வாரக்கணக்காகும். ஆகவே வெளிநாட்டில் இருந்த பலரையும் போல வாப்பாவும் கெசட்டில் பேசிப் பதிவு செய்து, விடுமுறையில் ஊர் வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். கெசட் வந்த அன்று எங்கள் வீட்டில் பெருநாள்தான். வாப்பாவின் உம்மா நடுவில் உட்காருவார். மாமிமார், சாச்சாமார், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி இருப்போம். உம்மா மட்டும் கதவோரத்தில் நிற்பார்கள்.

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளைக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது, அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஆறு கெசட்டுகள் கிடைத்தன. மலைநாட்டு ஈரம் எதைத்தான் விட்டுவைத்தது? நான்கில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்றின் நாடா அறுந்திருந்தது. ஒன்று மட்டும் ஓடியது. அதன்மேல் வாப்பாவின் கையெழுத்தில் ‘1987’ என்று இருந்தது. வாப்பா 2016இல் வபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

கெசட்டைக் கையில் வாங்கிப் பார்த்த உம்மா அன்றிரவு என்னைத் தனியே அழைத்து, இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள்.

“இந்தக் கெசட்ல கடைசில, எனக்கெண்டு ஏதோ மெல்லமாப் பேசினார் மகள். அப்ப மாமியும் மச்சிமாரும் இரிந்தாங்க. வெக்கத்தில நான் ஓடிப் போய் நிப்பாட்டிட்டேன்.”

பிறகு கேட்கவில்லையா என்று கேட்டேன். டேப் ரெக்கோடர் மாமியின் அறையில் இருந்ததாம். தனியாகப் போட்டுக் கேட்க ஒரு பொழுது அமையவில்லையாம். அடுத்த மாதம் வேறு கெசட் வந்ததாம். பிறகு வாப்பாவே வந்து சேர்ந்தாராம். ஆள் வீட்டில் இருக்கும்போது கெசட்டை யார் தேடுவார்கள்?

இப்போது அந்த இரண்டு வார்த்தையைக் கேட்க வேண்டும் என்பது உம்மாவின் ஆசை. அதுவும் தனியாக. அதனால்தான் பழைய ரேடியோ கெசட்டைத் தூசு தட்டி எடுத்து, என் மகள் 2020இல் கொரோனா காலத்துப் பாடங்களுக்கென வாங்கிய ஹெட்போனை அதில் செருகி, உம்மாவின் தலையில் மாட்டிவிட்டேன். முதல் பாகத்திலிருந்தே போட்டேன். உம்மா நெற்றியைச் சுருக்கினார்கள். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பத்தில் எட்டுவரை போனது. உம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றிவிட்டார்கள். அதன் பிறகு சொன்னதுதான் நான் மேலே எழுதிய வார்த்தை.

நானாவிடம் சொன்னபோது அவர் சட்டென்று தீர்ப்புக் கூறிவிட்டார். “உம்மாக்கு காது போயிட்டு. எழுபது தாண்டினா அப்படித்தான்.”

உம்மாவைக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். வலது காதில் அழுக்கு இறுகிப்போய் இருந்தது. டொக்டர் அதை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியால் காது குடையும் பழக்கம் அழுக்கை உள்ளேதான் தள்ளும் என்று என்னையும் சேர்த்துக் கண்டித்தார். கேட்கும் சக்தியைப் பரிசோதித்ததில், வயதானவர்களுக்கு வரும் குறைவு கொஞ்சம் இருப்பது தெரிந்தது. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் குறைவாகக் கேட்கின்றன, ஆனால் பேச்சு விளங்காமல் போகிற அளவுக்கு இல்லை என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டிப் பார்த்தோம். சற்று வித்தியாசம் இருந்தது. ஆனாலும் உம்மாவுக்குப் பேச்சு விளங்கவில்லை. “சரி, விடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் கெசட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

குறை வேறெங்கோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது தற்செயலாகத்தான்.

ஒருநாள் பகலில், வேலை முடிந்து நானே அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கெசட்டின் முதல் பாகத்தைக் கேட்டேன். கடைசிப் பகுதியைத் தொடமாட்டேன் என்று உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாப்பா எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு, அனுப்பியிருக்கும் சாமான்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார். துணி, சவுக்காரம், பேரீச்சம்பழம், டோர்ச் லைட். எனக்கும் அது வாப்பாவின் குரலாகத் தெரியவில்லை. வாப்பாவுக்கு நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல். இதுவோ தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுவது போல மெலிந்து கேட்டது. கெசட் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். கண் களைத்துப் போய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்தக் கணத்திலேயே குரல் சற்றுக் கனத்தது. திரும்பக் கண்ணாடியைப் போட்டேன். மெலிந்தது. இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு மெல்ல அழுத்தினேன். சுப்ஹானல்லாஹ்! வாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

கெசட்டும் பழுதில்லை, உம்மாவின் காதும் முழுதாகப் போகவில்லை. ஹெட்போன் காதில் உட்காரவில்லை. அவ்வளவுதான்.

விடுமுறையில் வந்திருந்த மகளிடம் சொன்னேன். அவளும் நானும் சேர்ந்து அந்தச் சாமானை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதில் நான் படித்துக்கொண்டதை என் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது காதை முழுதாகச் சூழ்ந்து மூடும் வகை. காதைச் சுற்றி உட்காரும் மெத்தையைக் கடைக்காரர்கள் பேட் என்பார்கள். நாங்கள் காதுப் பஞ்சு என்கிறோம். அது வெறும் சொகுசுக்கு வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கும் நம் செவிப்பறைக்கும் இடையில் ஒரு பிடி காற்றுதான் இருக்கிறது. அந்தக் காற்று வெளியே ஒழுகாமல் இருந்தால்தான் தாழ்ந்த, கனத்த ஒலிகள் காதில் பலமாக விழும். பஞ்சுக்கும் தலைக்கும் இடையில் சிறு சந்து விழுந்தாலும் முதலில் போவது அந்தக் கனம்தான்.

புட்டு அவிக்கிற நமக்கு இது விளங்காதா? பானைக்கும் குழலுக்கும் இடையில் சந்து இருந்தால் ஆவி பக்கத்தால் போய்விடும். மேலே மா வேகாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. சந்தைத்தான் அடைக்க வேண்டும். நான் உம்மாவுக்குச் செய்தது அடுப்பைக் கூட்டிய வேலை.

மனிதக் காது சுமார் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். ஆண்களின் பேச்சுக் குரலின் அடித்தளம் நூற்றுச் சொச்சம் ஹேர்ட்ஸில் இருக்கிறது. சந்து வழியே அது ஒழுகிவிட்டால் ஆள் யாரென்றே தெரியாத மெலிந்த குரல்தான் எஞ்சும். மறுபக்கம், ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகளின் சீறல் பெரும்பாலும் மேல் ஒலிகளில் இருக்கிறது. மெல்லிய அந்தச் சீறலைத் துணி தடுத்துவிடும். அது குறைந்தால் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. வயதானவர்களுக்கு முதலில் குறைவதும் இந்த மேல் ஒலிகள்தான்.

இப்போது உம்மாவை நினைத்துப் பாருங்கள். உம்மா முக்காட்டை எடுக்கவே மாட்டார்கள். தடித்த பருத்தி முக்காட்டின் மேலேதான் நான் ஹெட்போனை மாட்டியிருந்தேன். சீலையின் மடிப்புகளுக்கு இடையால் கனத்த ஒலி ஒழுகியது. இரண்டு மூன்று மடிப்பாகக் காதை மூடிய சீலை மெல்லிய ஒலியைத் தடுத்தது. புட்டுப் பானைக்குச் சீலை சுற்றினால் சந்து அடைபடும். ஹெட்போனுக்குக் கீழே சீலை இருந்தால் சந்து உண்டாகும்! மேலும் கீழும் போய், நடுவில் எஞ்சிய ஒலியை மட்டும் நான் எட்டு வரை கூட்டி அவர்களின் காதில் குத்தியிருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. கண்ணாடியின் காம்பு பஞ்சை ஓரிடத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. காதில் பெரிய தோடு. அதை அழுத்தினால் வலிக்கும் என்பதால் உம்மா தம்மை அறியாமலேயே ஹெட்போனைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பின்னால் கொண்டை தலைப்பட்டியை முன்னுக்குத் தள்ளியது. ஒரு பெண்ணின் தலையில் இத்தனை இருக்கிறது. அந்தச் சாமானைச் செய்தவர்கள் இவற்றை நினைத்திருப்பார்களா தெரியாது.

ஆனால் தலையில் மாட்டும் இந்தச் சாமான் குசினிக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதேனியல் போல்ட்வின் என்பவர் 1910இல் தம் வீட்டுக் குசினியில் வைத்துத்தான் ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். 1979இல் ஜப்பானில் வோக்மன் வந்த பிறகுதான் அது நடந்துகொண்டே கேட்கும் சாமானாக வீடுவீடாகப் பரவியது. அந்தச் சிறிய ஹெட்போன்களின் பஞ்சு காதின்மேல் படிந்து இருக்கும். சில வருடங்களில் மாவாக உதிர்ந்துவிடும். எங்கள் தலைமுறையினருக்கு நினைவிருக்கும்.

நம்முடையதிலும் பஞ்சு செத்துப் போயிருந்தது. மேலே இருந்த செயற்கைத் தோல் கறுப்புச் செதிலாக உரிந்து உம்மாவின் கழுத்திலெல்லாம் ஒட்டியிருந்தது. வியர்வையும் ஈரக் காற்றும் பட்டால் இந்த வகைத் தோல் சில வருடங்களில் இப்படித்தான் உரியும். உள்ளே இருந்த பஞ்சு அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. பஞ்சு தட்டையானால் காது நேரே ஸ்பீக்கரின் மூடியில் முட்டும். காது மடல் நோகும். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறுவதால் குரலின் தன்மையும் மாறிவிடும்.

கண்டியில் ஒரு கடையில் புதுப் பஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். பெரிய செலவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினால், முன்பைவிட நன்றாக இருந்தும் ஏதோ குறை. வலது கையால் காதுக்குப் பின்னே தடவிப் பார்த்தேன். சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி! மகள்தான் கண்டுபிடித்தாள். “உம்மா, இந்தப் பஞ்சு ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. எடத்தையும் வலத்தையும் மாத்திப் போட்டிருக்காங்க.”

நம் கன்னத்தின் பக்கம் எலும்பு மேடாக இருக்கிறது. காதுக்குப் பின்னே, காதுச்சோணைக்குக் கீழே, பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பஞ்சின் தடித்த பக்கத்தைப் பின்னால் வைக்கிறார்கள். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு. காது மடல் தலையோடு ஒட்டி இல்லை, பின்புறம் சாய்ந்து விரிந்திருக்கிறது. பின்னால் தடிப்பு இருந்தால் ஸ்பீக்கரும் அதே சாய்வில் காதை நோக்கி நிற்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தடிப்பு முன்னால் வந்துவிடும், பின்னால் சந்து திறந்துவிடும். எல்லாப் பஞ்சுகளும் இப்படி இல்லை. பல ஒரே தடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் போடுமுன் விரலால் அமத்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நாங்களே கழற்றினோம். பஞ்சின் அடியில் மெல்லிய தோல் விளிம்பு ஒன்று இருக்கிறது. கிண்ணத்தைச் சுற்றியுள்ள காடிக்குள் அதைச் செருகியிருக்கிறார்கள். தலையணைக்கு உறை போடுவது போல ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிவரச் செருக வேண்டும். எங்காவது மடிந்து சுருங்கினால் அதுவும் ஒரு சந்துதான். விளிம்பு சுருங்காமல் தடவிவிட்டு மாட்டிப் பார்த்தோம். இரு பக்கமும் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது எல், ஆர் எழுத்துகள். எல் இடது, ஆர் வலது. இதில் என்ன இருக்கிறது என்று நாம் அலட்சியமாக மாட்டுவோம். கிண்ணங்கள் சாய்வாகச் செய்யப்பட்டிருந்தால், மாற்றி மாட்டும்போது சாய்வும் தலைகீழாகிவிடும்.

பிறகு தலைப்பட்டி. கிளிக் கிளிக் என்று நீளும் அந்தப் பட்டியை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. மகளின் அளவுக்கு இருந்ததை அப்படியே உம்மாவுக்கு மாட்டியிருந்தேன். பட்டி குட்டையாக இருந்தால் கிண்ணம் மேலே ஏறி நிற்கும், காதுச்சோணை பஞ்சின் கீழ் நசியும், கீழே சந்து விழும். நீளமாக இருந்தால் கிண்ணம் தொங்கி மேலே சந்து விழும். முதலில் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கிளிக் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் இரு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. உம்மாவுக்கு இடது பக்கம் ஐந்து, வலது பக்கம் ஆறு என்று வந்தது.

கடைசியாக இடம். காதுத் துவாரம் காது மடலின் நடுவில் இல்லை, சற்று முன்பக்கமாக இருக்கிறது. கண்ணாடியில் பாருங்கள். ஆகவே காது முழுவதும் பஞ்சுக்குள் அடங்கிய பிறகு, கிண்ணத்தை ஒரு நூலளவு முன்னுக்கும் பின்னுக்கும், மேலும் கீழும் நகர்த்திக் கேட்க வேண்டும். ரேடியோவில் நிலையம் பிடிக்க முள்ளை நகர்த்துவோமே, அதுபோல. இரண்டு மூன்று மில்லிமீட்டரில் பேச்சு தெளிவது தெரியும். காது மடல் எங்கும் மடிந்திருக்கக் கூடாது. சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. பேச்சு ஓடும்போது உள்ளங்கைகளால் இரு கிண்ணத்தையும் மெல்ல அழுத்துங்கள். குரல் கனத்தால் எங்கோ சந்து இருக்கிறது. மாற்றம் தெரியாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்காகத் தலையை நெருக்கும்படி இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. சந்து அடைபடும் அளவு போதும்.

இந்த நேரத்தில் மகள் ஒன்று சொன்னாள். அது என் மனதைத் தைத்தது.

“உம்மா, ஒன்லைன் கிளாஸ் நேரம் சேர் சொல்றது வெளங்குதில்லையெண்டு நானும் சென்னேன். நீங்க எனக்குக் கவனமில்லையெண்டு ஏசினீங்க.”

உண்மைதான். 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது அவள் கெமராவுக்கு முன்னால் பர்தா அணிந்து, அதன்மேல் இதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணித்தியாலக்கணக்கில் இருந்தாள். விளங்காததால் சத்தத்தைக் கூட்டியிருக்கிறாள். இரவில் காது இரைகிறது என்று ஒருமுறை சொன்னது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று காது கொடுத்துக் கேட்காதவள் நான்தான்.

உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட நியமத்தில் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் 80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 83 டெசிபல் என்றால் பெரியவர்களுக்கு 20 மணித்தியாலம், 86 என்றால் 10. உள்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒழுகும் ஹெட்போனால் வரும் ஆபத்து இதுதான். உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருக்கும் இரைச்சல் உள்ளே வரும். இரண்டையும் வெல்லப் பிள்ளை சத்தத்தைக் கூட்டும்.

பர்தா அணியும் பிள்ளைகளுக்கு நாங்கள் கண்ட வழி இது. முதலில் ஹெட்போனை மாட்டி, பஞ்சு நேரே தோலில் படும்படி சரிசெய்துவிட்டு, அதன்மேல் பர்தாவைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். அப்படி வசதிப்படாவிட்டால் காதுப் பக்கத்தில் மடிப்பு விழாதபடி, மெல்லிய துணி ஒரே படையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஊசியும் கிளிப்பும் பஞ்சுக்குக் கீழே வரக்கூடாது. காதுக்குள் செருகும் சிறிய வகையானால் பர்தாவின் உள்ளே அடங்கிவிடும். அவற்றோடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரும் ரப்பர் முனைகளில் தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு காதுக்கும் இரு அளவு தேவைப்பட்டாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி அணிபவர்கள் மெல்லிய காம்புள்ளதைப் பார்த்து வாங்கலாம், அல்லது கேட்கும் நேரம் மட்டும் காம்பைச் சற்று மேலே உயர்த்தி வைக்கலாம். கேட்கும் கருவி அணிந்தவர்கள் அதன்மேல் ஹெட்போனை மாட்டினால் சிலவேளை கீச்சென்று சத்தம் வரும். அவர்கள் கருவி கொடுத்தவர்களிடம் கேட்டு நடப்பதே நல்லது.

பஞ்சைப் பாவித்த பின் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் அதிக நாள் இருக்கும். தலையில் எண்ணெய் வைத்த உடனே மாட்டக் கூடாது. ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்குமுன் துடைப்பது அவசியம். காதில் புண்ணோ சீழோ இருந்தால் கொடுக்கவே கூடாது. இவை சின்ன விடயங்கள்தான்.

எல்லாம் தயாரானது. ஆனால் உம்மாவை மறுபடி உட்கார வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “எனக்குத்தான் காது போயிட்டே” என்றார்கள். நானா சொன்னதை உம்மா அப்படியே நம்பிவிட்டார்கள். நாமும் வயதானவர்களைப் பற்றி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! காது போயிற்று, கண் போயிற்று, மறதி வந்துவிட்டது என்று. அதைக் கேட்டுக் கேட்டு அவர்களும் ஆசைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிடுகிறார்கள்.

“ஒரேயொரு தரம் பாருங்க உம்மா. வெளங்காட்டி நான் இனி கேக்கவே மாட்டேன்” என்று கெஞ்சினேன்.

மஃரிபுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்தினேன். ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. உம்மா முக்காட்டைத் தோளில் இறக்கினார்கள். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த நரைத்த தலையை முழுதாகப் பார்க்கிறேன்! கொண்டையை அவிழ்த்துத் தாழ்த்திக் கட்டிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன். தோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். இடது பக்கம் ஐந்து, வலது பக்கம் ஆறு. காது மடலை மெல்ல உள்ளே எடுத்துவிட்டேன். கெசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, மூன்றில் வைத்தேன். பிறகு நான்கு. கிண்ணத்தை ஒரு நூலளவு முன்னுக்கு நகர்த்தினேன்.

உம்மாவின் கை உயர்ந்து என் கையைப் பிடித்தது. அப்படியே வை என்பது போல.

வாப்பா சாமான்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உம்மா உதட்டை அசைத்தார்கள். “சவுக்காரம்” என்றார்கள். பிறகு சிரித்தார்கள். “அந்த டோர்ச் லைட் வந்து சேரவே இல்லையே மகள். யாரோ எடுத்துக்கிட்டாங்க.”

எட்டில் விளங்காத பேச்சு நான்கில் விளங்கியது. காதும் அதே காதுதான், கெசட்டும் அதே கெசட்தான்.

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் கொதித்தது. அடுப்பை நிறுத்தினேன். அறையில் சத்தமே இல்லை. ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடும் கெசட் அது. அது முடிந்த பிறகும் வெகுநேரம் உம்மா வரவில்லை.

கதவு திறந்தபோது முக்காடு தலையில் இருந்தது. கண் சிவந்திருந்தது. ஹெட்போனை இரு கைகளாலும் ஒரு பீங்கான் கோப்பையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்கள்.

“இத துணியால தொடச்சு வெக்கோணுமெண்டு சென்னீங்கதானே?”

“ஓம் உம்மா. நான் தொடக்கிறேன்.”

“வேணாம். நான் தொடச்சிக்கிறேன். கெசட்ட மட்டும் திரும்ப சுத்தி வைங்க. நாளைக்கும் கேக்கோணும்.”

வாப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இருவருக்கும் இடையில் முப்பத்தாறு வருடமாகக் காத்துக் கிடந்த வார்த்தை அது. அதில் எனக்குப் பங்கில்லை.

இப்போது உம்மா தாமே மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். யாராவது எடுத்துப் பாவித்துவிட்டு வைத்தால் “என்ட ஆறு, அஞ்ச யாரு மாத்தினது?” என்று கேட்பார்கள். நானாவும் இப்போதெல்லாம் உம்மாவிடம் உரக்கக் கத்துவதில்லை. கிட்டப் போய் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுகிறார். உம்மாவுக்கு நன்றாகவே விளங்குகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ, வயதான ஒருவரோ “கேக்குது, வெளங்குதில்ல” என்று சொன்னால், சத்தத்தைக் கூட்டுமுன் ஒரு நிமிடம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். சீலையையும் தோட்டையும் கண்ணாடிக் காம்பையும் பாருங்கள். பஞ்சைத் தடவிப் பாருங்கள். அதன் பின்னும் விளங்காவிட்டால் டொக்டரிடம் போங்கள். “காது போய்விட்டது” என்ற வார்த்தையை மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.